3 வயதுக் குழந்தையோடு சென்னையில் எங்கே போவது? 95 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பார்வை

சனிக்கிழமை விடிந்தாலே சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான்: “இன்னைக்கு எங்கே போலாம்?” பதிலும் பெரும்பாலும் மூன்றுக்குள் முடிந்துவிடும். மால், பீச், இல்லைன்னா சொந்தக்காரங்க வீடு. இவ்வளவு பெரிய நகரத்தில், நடக்கப் பழகிய ஒரு குழந்தையை நிம்மதியாக இறக்கிவிட இடம் தேடுவது ஏன் இத்தனை சிரமமாக இருக்கிறது?

நகர வடிவமைப்பில் இந்தக் கேள்விக்கு ஓர் எண் உண்டு. 95. ஆரோக்கியமான 3 வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 95 செ.மீ. ‘அந்த உயரத்திலிருந்து பார்த்தால் உங்கள் ஊர் எப்படித் தெரியும்?’ என்று கேட்பதுதான் நெதர்லாந்தின் வான் லீர் அறக்கட்டளை தொடங்கிய ‘அர்பன்95’ முயற்சியின் அடிப்படை. அதே கேள்வியைச் சென்னையிடம் கேட்டுப் பார்ப்போம்.

குழந்தைக்கு ‘அவுட்டிங்’ அவ்வளவு அவசியமா?

அவசியம்தான். ஆனால் நாம் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்டது. அதன்படி 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் ஓடியாடி இருக்க வேண்டும். 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடும் விளையாட்டாக இருக்க வேண்டும். செல்போன், டிவி பார்ப்பது 2 வயது முதல் 4 வயது வரை அதிகபட்சம் 1 மணி நேரம். அதுவும் குறைந்தால் நல்லது. 1 வயதுக் குழந்தைக்கு ஸ்க்ரீனே வேண்டாம் என்கிறது அந்த வழிகாட்டுதல்.

இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட்டில் 180 நிமிடம் ஓடுவது எப்படி? கீழ்வீட்டுக்காரர் முதல் நாளே மேலே வந்துவிடுவார். அதனால்தான் வெளியே போவது சின்னக் குழந்தைக்கு ஆடம்பரம் இல்லை. சாப்பாடு, தூக்கம் மாதிரி அதுவும் அன்றாடத் தேவை.

இன்னொரு வரியும் அந்த வழிகாட்டுதலில் உண்டு. பலர் கவனிக்காத வரி. ஸ்ட்ரோலர் போன்றவற்றில் குழந்தையைத் தொடர்ந்து 1 மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது. அப்படியானால், டிராஃபிக்கில் போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம் என்று குழந்தையை சீட்டில் உட்கார்த்தி வைத்து, நடுவில் 1 மணி நேரம் விளையாட விடும் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் யாருக்கான அவுட்டிங்? யோசிக்க வேண்டிய கேள்வி.

விளையாட்டு உரிமையும்கூட. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது.

பிறகு ஏன் எல்லாரும் மாலுக்கே போகிறார்கள்?

‘இந்தக் காலத்து அப்பா அம்மாக்களுக்கு மால் மோகம்’ என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மால் கொடுப்பதைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். சுத்தமான கழிப்பறை, டயப்பர் மாற்ற ஒரு மேடை, ஏ.சி., படி இல்லாத வழுவழுப்பான தரை, லிஃப்ட், குடிக்கத் தண்ணீர், குறுக்கே வண்டி வராது என்ற உத்தரவாதம்.

இதில் ஒன்றுகூட விளையாட்டுப் பொருள் இல்லை. எல்லாமே அடிப்படை வசதி. பூங்காவும் கடற்கரையும் கொடுக்க வேண்டியதை மால் கொடுக்கிறது. அதற்கான விலையைப் பார்க்கிங், ஃபுட் கோர்ட், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ப்ளே ஏரியா என்று வேறு வழிகளில் வசூலித்துக்கொள்கிறது.

3 வயதுக் குழந்தைக்கு “மூச்சா வருது” என்று சொல்வதற்கும் வருவதற்கும் இடையே 2 நிமிடம்கூட இருக்காது. பக்கத்தில் கழிப்பறை இல்லாத இடத்துக்கு இன்னொரு முறை அழைத்துப்போகப் பெற்றோர் தயங்குவது இயல்பு.

அப்பாக்களுக்கு இன்னொரு சிக்கல். டயப்பர் மாற்றும் மேடை இருக்கும் இடங்களிலும் அது பெரும்பாலும் பெண்கள் கழிப்பறைக்குள்தான் இருக்கும். அப்பா மட்டும் தனியாகக் குழந்தையை வெளியே அழைத்துப் போகலாம் என்பதை நம் கட்டடங்கள் இன்னும் நம்பவில்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல முன்னுதாரணமும் உண்டு. 2015 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஓர் அறை வேண்டும் என்று அரசு யோசித்தது பெரிய விஷயம். அதே யோசனை பூங்காவுக்கும் கடற்கரைக்கும் நகர வேண்டும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

வீட்டிலிருந்து பூங்கா வரை: 15 செ.மீ. மலை

பூங்கா அரை கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனாலும் பைக்கை எடுக்கிறோம். ஏன்? நடைபாதை.

இந்திய சாலை காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி நடைபாதையில் நடப்பதற்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 95 செ.மீ. குழந்தைக்கு 15 செ.மீ. ஏறுவது என்பது, 170 செ.மீ. உயரமுள்ள நமக்கு ஏறக்குறைய 27 செ.மீ. ஏறுவது போல. விதிப்படி கட்டிய நடைபாதையே குழந்தைக்கு இவ்வளவு உயரம். அதில் ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் ஒரு சரிவு, நடுவில் டிரான்ஸ்ஃபார்மர், அதை ஒட்டி நிறுத்திய பைக் என்று வந்தால் கதை முடிந்தது. ஸ்ட்ரோலர் ரோட்டுக்கு இறங்கிவிடும்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இது குறித்து முக்கியமான கருத்தைச் சொன்னது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. நடைபாதை இல்லாததால் மக்கள் சாலையில் நடந்து விபத்தில் சிக்குவதையும் சுட்டிக்காட்டியது.

சரியாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று, 2019 நவம்பரில் திறக்கப்பட்ட தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம். இரண்டாவது, மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதை. மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே போக வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது அது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வீல்சேருக்கு எது தேவையோ அதுவேதான் ஸ்ட்ரோலருக்கும் தேவை. தாத்தா பாட்டியின் முழங்காலுக்கும் அதுவே தேவை. ஒருவருக்காகப் போட்ட சாய்தளம் மூன்று தலைமுறைக்கு உதவும்.

சரி, அப்போ எங்கேதான் போறது?

இடத்தின் பெயரைப் பார்க்காமல், கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 1, 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மதியத் தூக்கம் கெட்டால் மாலை முழுக்கக் கெட்டுப்போகும்.

*1 மணி நேரம் இருந்தால்:* வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மாநகராட்சிப் பூங்காதான் சரி. ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் இல்லை என்றாலும் கவலை வேண்டாம். 2 வயதுக் குழந்தைக்கு எறும்பு வரிசையும், உதிர்ந்த இலையும், கொஞ்சம் மணலும் போதும். காலை 8 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்கு மேல் போங்க. பல பூங்காக்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் கேட்டுல இருக்கும் போர்டை ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

*அரை நாள் இருந்தால்:*

கிண்டி சிறுவர் பூங்கா. 2024இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. பக்கத்தில் இருக்கும் கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு வெறும் 2.7 சதுர கி.மீ.தான். ஆனாலும் நகரத்துக்கு நடுவே மானும் ஆலமரமும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். நிழல் தாராளம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

செம்மொழிப் பூங்கா. பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த 20 ஏக்கரில் 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. வண்டி பயமில்லாமல் குழந்தையை ஓடவிடலாம். அண்ணா சாலை மெட்ரோ நிலையம் ஒன்றில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும்.

அண்ணா நூற்றாண்டு நூலகம், கோட்டூர்புரம். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற இடம். குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வாசிக்கத் தெரியாத வயது என்று தயங்க வேண்டாம். படம் பார்த்துப் பக்கம் புரட்டுவதுதான் முதல் வாசிப்பு. மதுரைக்காரர்களுக்கு 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இப்படி ஒரு பிரிவு உண்டு.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்த்தே தீருவது என்று கிளம்பாதீங்க. விலங்குகள் இருக்கும் கூடம் ஒன்று, வெளியே மரத்தடியில் அரை மணி நேரம். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விடுமுறை.

*முழு நாள் இருந்தால்:* வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855இல் எழும்பூரில் தொடங்கிய சென்னையின் பழைய மிருகக்காட்சி சாலைதான் 1985இல் வண்டலூருக்கு வந்தது. பரப்பு 602 ஹெக்டேர். பெரியவர்களுக்கே கால் வலிக்கும் தூரம். சின்னக் குழந்தையோடு போனால் பேட்டரி வண்டியை நம்பலாம், அல்லது ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பார்க்கலாம். இங்கேயும் செவ்வாய் விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். பழைய வீடுகளின் முற்றத்திலும் திண்ணையிலும் ஏறி இறங்குவதே குழந்தைகளுக்குப் பாதி விளையாட்டு.

*பீச்:* எப்போதும் இலவசம், எப்போதும் பிடிக்கும். மணலைத் தோண்டினாலே 1 மணி நேரம் ஓடிவிடும். ஆனால் அலை பக்கம் போகும்போது குழந்தையின் கை உங்கள் கையில்தான் இருக்கணும். ரோஸ் கலர் பஞ்சு மிட்டாய் கேட்டு அடம்பிடித்தால் விட்டுக்கொடுக்காதீங்க. ரோடமைன்-பி என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்தது தெரியவந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது.

எப்படிப் போவது?

அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை டிக்கெட் இல்லை. 2022இல் வந்த மாற்றம் இது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அம்மாவுக்கும் இலவசம். புறநகர் ரயிலிலும் 5 வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம். வண்டலூர் போக இது நல்ல வழி.

மெட்ரோவில் வயதுக்குப் பதில் உயரம்தான் கணக்கு. பெரியவருடன் வரும் 90 செ.மீ.க்குக் கீழான குழந்தைக்கு இலவசம். அதாவது நம் 95 செ.மீ. குழந்தை பஸ்ஸில் குழந்தை, மெட்ரோவில் பயணி! ஆனாலும் லிஃப்ட், ஏ.சி., டிராஃபிக்கில் சிக்காத பயணம் என்று பார்த்தால், சின்னக் குழந்தைக்கு மெட்ரோதான் சுலபம். பல குழந்தைகளுக்கு மெட்ரோவில் ஏறி இறங்குவதே அன்றைய அவுட்டிங் ஆகிவிடும். அதுவும் தப்பில்லை.

எதில் ரொம்ப கவனமாக இருக்கணும்?

*வெயில்.* குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட வேகமாகச் சூடேறும். தரைக்குப் பக்கத்தில் நடப்பதால் தார் ரோட்டின் வெப்பமும் அவர்களுக்குத்தான் அதிகம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சி நினைவிருக்கும். குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாகப் போன கூட்டம் அது. வெயிலும் நெரிசலும் சேர்ந்து பலர் மயங்கினர், 5 பேர் உயிரிழந்தனர். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்ப பஸ்ஸும் ரயிலும் கிடைக்காமல் பல மணி நேரம் தவித்தவர்கள் ஏராளம். அதே மாதம் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 5 வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால், ‘எப்படி வெளியே வருவது’ என்று தெரியாத கூட்டத்துக்குள் போகாமல் இருப்பதே நல்லது.

*தொலைந்துபோவது.* காணும் பொங்கலன்று மெரினாவில் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸார் கட்டிவிடுவார்கள். அதை ஒரு நாளோடு நிறுத்துவானேன்? கூட்டமான இடம் எதுவானாலும் நாமே கட்டிவிடலாம். குழந்தைகள் உதவி எண் 1098, அவசர உதவி 112.

*நாய்.* 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதி மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதன் பிறகுதான் வளர்ப்பு நாய் உரிமம், கழுத்துப் பட்டை, வாய்க்கவசம் பற்றிய விதிகள் பேசுபொருளாயின. பூங்காவில் கட்டாத நாயைப் பார்த்தால் காவலாளியிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

*சறுக்குமரம்.* மதிய வெயிலில் காய்ந்த இரும்புச் சறுக்குமரம் தோசைக்கல் மாதிரி. முதலில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்க. கீழே மணல் இருக்கிறதா, சிமென்ட் தரையா என்பதையும் பாருங்க.

பெரிய பூங்காவா, தெருமுனைப் பூங்காவா?

இனி அரசியல் பக்கம். சமீப ஆண்டுகளில் சென்னையில் பூங்காக்களுக்குப் பணம் செலவாகாமல் இல்லை. 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் சுமார் 6 ஏக்கரில், ஏறக்குறைய ரூ.46 கோடியில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. ஜிப்லைன், கண்ணாடி மாளிகை எல்லாம் இருக்கிறது. திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு ரூ.100, சிறுவர்களுக்கு ரூ.50.

ஊருக்கு இப்படி ஒரு பெரிய பூங்கா வேண்டியதுதான். ஆனால் அது வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை போகும் இடம். தினமும் 180 நிமிடம் ஓட வேண்டிய குழந்தைக்கு, நடந்தே போகக்கூடிய இடம் வேண்டும். பெரம்பூரிலோ பெருங்குடியிலோ இருக்கும் 2 வயதுக் குழந்தைக்குக் கதீட்ரல் சாலை வெளியூர் மாதிரிதான்.

அந்தத் தெருமுனை இடம் எங்கிருந்து வரும்? அதற்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுமானம் வந்தால் சாலைகள் நீங்கலாக 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம்.

இங்கேதான் முடிச்சு. அந்தப் பணத்தைத் திரும்ப அதே தெருவில் நிலமாக மாற்றுவது நடைமுறையில் ரொம்பக் கஷ்டம். அபார்ட்மென்ட் வந்துவிடும், குழந்தைகள் வந்துவிடுவார்கள், விளையாட இடம் மட்டும் வராது. நீங்கள் வீடு வாங்கும் லேஅவுட்டில் இந்தத் திறந்தவெளி எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பது வீண் வேலை இல்லை.

தமிழ்நாட்டு நகரங்களுக்கு இதில் அனுபவமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 0 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு ஏற்ற தெருக்களையும் பூங்காக்களையும் உருவாக்க மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகம் 2020 நவம்பரில் ஒரு போட்டியை அறிவித்தது. தேர்வான 25 நகரங்களில் கோவை, ஈரோடு, சேலம், திருப்பூர் ஆகிய நான்கும் இருந்தன. இறுதி 10 நகரங்களின் பட்டியலில் கொச்சி, பெங்களூரு எல்லாம் வந்தன. தமிழ்நாட்டு நகரம் ஒன்றுகூட வரவில்லை.

என்ன மாறினால் போதும்?

பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வொரு பூங்காவிலும் பூட்டாத, சுத்தமான ஒரு கழிப்பறை. அதில் அப்பாவும் அம்மாவும் போகக்கூடிய இடத்தில் டயப்பர் மாற்ற ஒரு பலகை. விளையாடும் இடத்துக்கு மேலே நிழல். சறுக்குமரத்துக்குக் கீழே சிமென்ட்டுக்குப் பதில் மணல். வாசலில் ஒரு சாய்தளம். அந்தப் பூங்காவைச் சுற்றி 500 மீட்டர் வரை நடக்க முடிந்த நடைபாதை.

வார்டு கவுன்சிலரிடம் “பார்க் வேணும்” என்று பொதுவாகக் கேட்டால் பதில் வருவது கடினம். “நம்ம பார்க் பாத்ரூமை ஏன் பூட்டி வெச்சிருக்காங்க?” என்று கேட்டால் ஒருவர் சாவியைத் தேடியே ஆகணும். மாநகராட்சியின் புகார் எண் 1913இல் இதையும் பதிவு செய்யலாம்.

அதுவரை பெற்றோருக்கு ஒரு சின்னச் சோதனை. கிளம்பும் முன் நான்கு கேள்விகள்: கழிப்பறை இருக்கிறதா? நிழல் இருக்கிறதா? தூங்கும் நேரத்துக்குள் திரும்ப முடியுமா? அழுதால் 10 நிமிடத்தில் அங்கிருந்து கிளம்ப முடியுமா? நான்குக்கும் ‘ஆமாம்’ என்றால் அது எந்த இடமானாலும் நல்ல இடம்தான். மாலில் நான்குக்கும் ‘ஆமாம்’ வருகிறது, தெருமுனைப் பூங்காவில் வரவில்லை என்றால், மாற வேண்டியது அந்தப் பூங்கா.